திலகவதி: ஒரு பெயரின் வரலாறு



வரலாற்றுக்குச் சான்றுகள் எவை என்று உங்களைக் கேட்டால், கல்வெட்டு, செப்பேடு, நாணயம், கட்டடம், இலக்கியம் என்று வரிசையாகச் சொல்வீர்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் அவ்வாறே சொல்லிக் கொடுத்தேன். அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்கலாம். அது மண்ணைத் தோண்டாமலும், கல்லின்மேல் மைப்படி எடுக்காமலும் கிடைப்பது. நாள்தோறும் நம் வாயிலும் செவியிலும் புழங்குவது. மக்கட்பெயரே அச்சான்று.

தமிழர் பெயரை எளிதாகக் கருதியவர் அல்லர். மகன் வயிற்றுப் பிள்ளையையும் மகள் வயிற்றுப் பிள்ளையையும் 'பெயரன்', 'பெயர்த்தி' என்று அழைத்தனர். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. இன்று நாம் பேரன், பேத்தி என்று சொல்லும்போது அச்சொற்களுள் பெயர் ஒளிந்திருப்பதை மறந்துவிடுகின்றோம். ஒரு தலைமுறை மறைந்தாலும் அதன் பெயர் மறையலாகாது என்பது நம் முன்னோர் கருத்து.

ஊர்ப்பெயர்களின் வரலாற்றை ஆராய்ந்து, 'ஊரும் பேரும்' என்னும் அரிய நூலைத் தந்தார் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள். அவர் காட்டிய வழியில் நாம் ஒரு பெண்ணின் பெயரை இன்று ஆராய்வோம். கடலூர் வட்டாரத்தில் வாழ்ந்து, சிதம்பரத்தில் காவியத்தில் ஏறி, பின்பு தமிழ்நாடு முழுவதும் பரவிய பெயர் அது. உங்கள் வகுப்பிலோ, உங்கள் வீட்டிலோ, உங்கள் தெருவிலோ அப்பெயருடைய ஒருவர் இருக்கக்கூடும். திலகவதி என்பதே அப்பெயர்.

முதலில் சொல்லின் பொருளைப் பார்ப்போம். 'திலகவதி' என்பது இரண்டு உறுப்புகளால் ஆன சொல். முன்னது 'திலகம்'; பின்னது 'வதி'. இரண்டும் வடமொழி வழி வந்தவை. 'திலம்' என்றால் எள். எள்ளைப் போன்று உடம்பில் தோன்றும் சிறு புள்ளியைத் 'திலகம்' என்றனர். பின்னர் அச்சொல் நெற்றியில் இடும் பொட்டுக்கு ஆயிற்று. திலத்திலிருந்து எடுத்தது தைலம். தமிழிலும் இதே முறையைக் காணலாம்: எள்ளின் நெய்யே எண்ணெய். எள் என்னும் சின்னஞ்சிறு விதை இரண்டு மொழிகளுக்கும் எத்தனை சொற்களைத் தந்திருக்கின்றது, பாருங்கள்!

திலகம் என்னும் சொல் தமிழுக்குப் புதிது அன்று. திருமுருகாற்றுப்படையில் வரும் வானுலக மகளிர் தம் நெற்றியில் திலகம் இட்டிருக்கின்றனர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் மலர்களின் நீண்ட வரிசை ஒன்று உண்டு. அவ்வரிசையில் திலகம் என்பது ஒரு மலரின் பெயராகவும் வருகின்றது. மஞ்சாடி மரத்தின் பூ அது என்று உரைகாரர் கூறுவர். அங்குத் திலகமும் பாதிரியும் ஒரே அடியில் அடுத்தடுத்து நிற்கின்றன. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பாதிரி மரத்தைப் பற்றி மீண்டும் பேச வேண்டியிருக்கும்.

காலப்போக்கில் திலகம் என்பதற்குச் 'சிறந்தது' என்ற பொருளும் உண்டாயிற்று. முகத்துக்குப் பொலிவு தருவது பொட்டு. அவ்வாறே ஒரு குலத்துக்குப் பொலிவு தருபவரைக் குலதிலகம் என்றனர். நம் காலத்தில் நடிகர் திலகம் என்றும் மக்கள் திலகம் என்றும் திரைப்படக் கலைஞர்களுக்கு வழங்கிய பட்டங்கள் இப்பொருளில் அமைந்தவையே.

'வதி' என்பது 'உடையவள்' என்னும் பொருள் தரும் பெண்பால் ஈறு. குணமுடையவன் குணவான், குணமுடையவள் குணவதி. பாக்கியமுடையவன் பாக்கியவான், அதனை உடையவள் பாக்கியவதி. பத்மாவதி, கலாவதி, லீலாவதி முதலிய பெயர்களெல்லாம் இவ்வாறு அமைந்தவை. தமிழில் இதே பொருளைத் தருவது 'உடையாள்' என்பது. சோழர் கல்வெட்டுகளில் அரசியர்க்கு வழங்கும் 'புவனமுழுதுடையாள்' என்ற பட்டத்தை நோக்கினால் இது விளங்கும். ஆகவே திலகவதி என்றால் திலகமுடையாள், நெற்றியில் திலகம் விளங்கப் பெற்றவள் என்று பொருள். பெற்றோர் தம் பெண்குழந்தைக்கு இப்பெயரை இடும்போது, 'இவள் மங்கலமாக வாழ வேண்டும்' என்று வாழ்த்தியே இடுகின்றனர். அவ்வாழ்த்து, இப்பெயரை முதலில் புகழுறச் செய்த பெண்மணியின் வாழ்வில் எவ்வாறு பலித்தது என்பதே நாம் காண வேண்டிய செய்தி.

இனி அவர் வாழ்ந்த இடத்துக்கு வருவோம். கடலூர் மாவட்டத்தில் பண்ணுருட்டிக்கு அருகில் திருவாமூர் என்னும் சிற்றூர் உள்ளது. அக்காலத்தில் இப்பகுதிக்குத் திருமுனைப்பாடி நாடு என்று பெயர். இந்நாட்டின் ஊடே ஓடுவது கெடிலம் என்னும் ஆறு. பெரிய ஆறு அன்று; ஆயினும் புகழால் பெரியது. அதன் கரையில் பண்ணுருட்டியை ஒட்டித் திருவதிகை இருக்கின்றது. சிவபெருமானின் வீரச் செயல்கள் நிகழ்ந்தனவாகக் கூறப்படும் எட்டு வீரட்டானங்களுள் அது ஒன்று. கெடிலத்தின் போக்கிலேயே கிழக்கு நோக்கி வந்தால், திருப்பாதிரிப்புலியூரை அடையலாம். அது இன்று கடலூர் நகரத்தின் ஒரு பகுதி. புகைவண்டி நிலையத்தின் பெயரில் அவ்வூர்ப்பெயரைக் காணலாம். பாதிரி மரத்தைத் தலமரமாகக் கொண்டமையால் ஊர் அப்பெயர் பெற்றது. சிதம்பரத்தின் பழம்பெயர்களுள் ஒன்று பெரும்பற்றப்புலியூர் என்பது. ஆகவே நம் கதை இரண்டு புலியூர்களுக்கு இடையே நடக்கும் கதை. ஒரு புலியூரின் அருகே வாழ்ந்த பெண்ணின் வரலாறு மற்றொரு புலியூரில் காவியமாயிற்று.

கி.பி. ஏழாம் நூற்றாண்டு. திருவாமூரில் வேளாளர் குடியில் புகழனார் என்பவரும் அவர் மனைவியார் மாதினியாரும் வாழ்ந்தனர். அவர்களுக்கு முதலில் பிறந்த பெண் திலகவதியார். சில ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகன் மருள்நீக்கியார். இப்பெயர்களைச் சற்றே ஆராய்ந்து பாருங்கள். புகழனார் என்பது தெளிந்த தமிழ்ப்பெயர். மருள்நீக்கியார் என்பதும் தமிழே. மருள் என்றால் மயக்கம், அதனை நீக்குபவர் என்பது பொருள். மகளின் பெயரோ வடசொல். ஒரே வீட்டில் மகனுக்குத் தமிழ்ப்பெயர், மகளுக்கு வடமொழிப்பெயர்! இரண்டு மொழிகளும் ஒரு முற்றத்தில் கூடி விளையாடிய காலம் போலும் அது.

திலகவதியார்க்குப் பன்னிரண்டு வயது நிரம்புமுன் திருமணம் பேசினர். மணமகன் கலிப்பகையார், அரசனுடைய படைத்தலைவர். மணம் பேசி முடிந்தது, மணநாள் வரவில்லை. அரசன் ஆணைப்படி கலிப்பகையார் வடபுலத்துப் பகைவரோடு போர் செய்யச் சென்றார். போர் நீண்டது. இதற்கிடையே புகழனார் நோய்வாய்ப்பட்டு இறந்தார். கணவரைப் பிரிந்து வாழ மனமில்லாத மாதினியாரும் உயிர் துறந்தார். தாயையும் தந்தையையும் இழந்த இரு குழந்தைகளும் ஆற்றாது அழுதிருந்த வேளையில், போர்க்களத்திலிருந்து அடுத்த செய்தி வந்தது. கலிப்பகையார் களத்தில் பட்டார்.

அச்சிறுமி என்ன செய்வார்? பெற்றோர் என்னை அவர்க்கு உரியவள் என்று இசைந்தனர்; ஆகவே என் உயிரும் அவர் உயிரோடு செல்வதாக என்று துணிந்தார். அப்போது தம்பி ஓடிவந்து தமக்கையின் காலடியில் விழுந்தார். அன்னையும் அப்பனும் போன பின்னர், உன்னைக் கண்டன்றோ நான் உயிர் வைத்திருக்கின்றேன்? நீயும் போவாயாயின் உனக்கு முன்னே நான் போவேன் என்று கதறினார். திலகவதியார் சிந்தித்தார். தாம் இறப்பது எளிது. தம்பி வாழ்வது அரிது. தம்பி வாழ வேண்டும் என்பதற்காகவே தாம் உயிர் வாழ உடன்பட்டார். மணமங்கல அணிகளை விலக்கினார். எல்லா உயிர்களிடத்தும் அருளை மேற்கொண்டார். வீட்டிலிருந்தபடியே தவம் புரிந்தார்.

மாணவர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். காவியங்களில் கணவனோடு உயிர் விட்ட மகளிரைப் பற்றிப் பலபடப் படித்திருப்பீர்கள். சாவைத் துணிந்த ஒருத்தி, வேறோர் உயிரின் பொருட்டு வாழ்வைத் துணிந்த செய்தி இது. அவர் வீரத்தில் குறைந்தவரா? இல்லை. ஒரு கணத்தில் முடிந்துவிடும் துணிவு அன்று அவருடையது. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து மீண்டும் மேற்கொள்ள வேண்டிய துணிவு.

தம்பி வளர்ந்தார். தம் பொருளைப் பலர்க்கும் வழங்கினார், சோலை வைத்தார், குளம் தொட்டார். நிலையாமையை எண்ணி, உண்மை நெறி எது என்று தேடத் தொடங்கினார். அத்தேட்டம் அவரைப் பாதிரிப்புலியூர்ச் சமணப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அப்பள்ளியைப் பற்றி நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். பாதிரிக்கு வடமொழியில் பாடலி என்று பெயர். ஆகவே இவ்வூரைப் பாடலிபுத்திரம் என்றும் வழங்கினர். மகதத்தின் பாடலிபுத்திரத்தைப் படித்திருக்கின்றீர்கள். அதன் பெயரோடு ஒத்த பெயருடைய கல்விநகர் ஒன்று நம் கெடிலக்கரையில் இருந்தது. 'லோகவிபாகம்' என்பது உலகின் அமைப்பைப் பற்றிய ஒரு சமண நூல். சிம்மசூரி என்பவர் வடமொழியில் செய்த அதன் வடிவம் நமக்குக் கிடைத்திருக்கின்றது. காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22-ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380-இல், சர்வநந்தி என்னும் முனிவர் பாடலிகா என்னும் ஊரில் அதன் மூலநூலை எழுதினார் என்று அந்நூலே கூறுகின்றது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. அவ்வூர் நம் பாதிரிப்புலியூரே என்பது அறிஞர் பலர் கருத்து. எனவே மருள்நீக்கியார் அங்குச் செல்வதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அது அறிவு வளர்த்த இடம். சமயப் பூசல் மிகுந்த காலத்துக் கதையைப் படிக்கும்போது, ஒரு பக்கத்தாரின் கல்வியையும் பண்பையும் நாம் மறந்துவிடலாகாது. வரலாறு படிப்பவர்க்கு இந்த நடுவுநிலை இன்றியமையாதது.

சமண நெறியில் அவர் பெயர் பெற்றார். மருள்நீக்கியார் தருமசேனர் ஆனார். சேனர் என்று முடியும் பெயர்கள் சமணத் துறவியரிடையே பெருவழக்கு; வீரசேனர், ஜினசேனர் முதலியோர் பெயர்களைக் காண்க. ஆகவே பெயரே அவருடைய புதிய சமயத்துக்கும் அடையாளம் ஆயிற்று.

திலகவதியாரோ திருவதிகைக்குச் சென்றார். கெடிலக்கரைக் கோயிலின் அருகே ஒரு மடம் அமைத்துக்கொண்டார். விடியுமுன் எழுந்து கோயிலை அலகிட்டார், சாணத்தால் மெழுகினார், மலர் பறித்து மாலை தொடுத்தார். தம்பியின் பிரிவு அவர் நெஞ்சை வருத்தியது. தம்பியை மீட்டுத் தர வேண்டும் என்பதே அவர் இறைவனிடம் வைத்த வேண்டுகோள்.

பின்பு நிகழ்ந்ததை நீங்கள் அறிவீர்கள். தருமசேனருக்குக் கொடிய சூலை நோய் வந்தது. மருந்துக்கும் மந்திரத்துக்கும் அது அடங்கவில்லை. தாங்க இயலாத நிலையில் அவர் மனம் தமக்கையை நாடியது. தம்மிடம் பணிசெய்த சமையற்காரனைத் தமக்கையிடம் அனுப்பினார். செய்தி கேட்ட அம்மையார், தாம் சமணப் பள்ளிக்கு வருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். அன்பு மிகுந்தவர்தாம், ஆனால் தம் நெறியை விட்டு நகர அவர் உடன்படவில்லை. தம்பியே இரவோடிரவாகத் திருவதிகைக்கு நடந்து வந்து தமக்கையின் காலில் விழுந்தார். அவர் தம்பியைத் தூக்கி எடுத்துத் திருநீற்றை அளித்தார். தம்பி அதனை நெற்றியில் அணிந்து, தமக்கையின் பின்னே கோயிலுக்குள் சென்றார். அங்கே பிறந்த பதிகமே நான்காம் திருமுறையின் முதற்பதிகம். தேவாரப் பெரும்பாடகர் ஒருவர் அன்று தமிழுக்குக் கிடைத்தார்.

பாடிய தம்பிக்கு நாவுக்கரசு என்ற பெயர் வந்தது. பிற்பாடு சீகாழியில் ஞானசம்பந்தர் அவரை 'அப்பர்' என்று அழைக்க, அதுவும் பெயராயிற்று. மருள்நீக்கியார், தருமசேனர், நாவுக்கரசர், அப்பர் என நான்கு பெயர்கள் அவருக்கு. ஒவ்வொன்றும் அவர் வாழ்வின் ஒரு திருப்பத்தைச் சொல்லும். முதற்பெயர் பெற்றோர் இட்டது. இரண்டாம் பெயர் சமணர் தந்தது. மூன்றாம் பெயர் இறைவன் அளித்ததாகப் புராணம் கூறுவது. நான்காம் பெயர் ஒரு குழந்தையின் அன்பு வழங்கியது. ஆனால் தமக்கைக்கு எத்தனை பெயர்? ஒன்றேதான். பெற்றோர் இட்ட திலகவதி என்னும் பெயரிலேயே அவர் பிறந்தார், வளர்ந்தார், தவம் செய்தார். தம்பி பெயர் மாறிமாறித் திரும்பி வந்தபோது, மாறாத பெயரோடு ஒருவர் வாயிலில் காத்திருந்தார். அவர் இல்லையேல் அந்த மூன்றாம் பெயரும் இல்லை, நான்காம் பெயரும் இல்லை.

நாவுக்கரசர் சமயம் மாறியதைக் கேட்டுச் சினந்த பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு பிணைத்துக் கடலில் தள்ளியதாகவும், அவர் கல்லே தெப்பமாகப் பாதிரிப்புலியூர்க் கரையில் ஏறியதாகவும் புராணம் கூறுகின்றது. கடலூரை அடுத்துக் கரையேறவிட்ட குப்பம் என்று ஓர் ஊர் இருப்பது அந்நம்பிக்கையின் சுவடு. பின்னர் அம்மன்னனும் சைவம் சார்ந்து, திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பர். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர். திருச்சிராப்பள்ளி மலைக்குகைக் கல்வெட்டிலும் அப்பெயர் காணப்படுகின்றது. பிறசமயத்திலிருந்து அவன் திரும்பிய செய்தியும் அங்குக் குறிக்கப்படுகின்றது. இங்கும் ஒரு பெயரன்றோ புராணத்தையும் கல்வெட்டையும் இணைக்கும் கயிறாகின்றது!

கரையேறிய நாவுக்கரசர் பாதிரிப்புலியூரில் ஒரு பதிகம் பாடினார். அதன் தொடக்கத்தில் இறைவனைத் தமக்குத் தாய் என்கின்றார், தந்தை என்கின்றார், உடன்பிறந்தவர் என்கின்றார். இந்த மூன்றாம் உறவைக் காணும்போதெல்லாம் என் உள்ளம் திருவதிகை மடத்துக்குப் போய்விடும். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைக்குத் தாயாகவும் தந்தையாகவும் நின்றவர் உடன்பிறந்தவரே அல்லரோ?

இப்போது பெயரின் பொருளுக்குத் திரும்புவோம். திலகவதி என்றால் திலகமுடையாள் என்றோம். நெற்றித் திலகத்தை மணமங்கலத்தின் அடையாளமாகக் கருதியது நம் சமுதாயம். கணவனை இழந்த பெண்ணின் நெற்றியிலிருந்து அதனை அழித்தும் வந்தது. மணநாள் காணாமலே மணமகனை இழந்த அப்பெண்ணின் பெயரோ திலகமுடையாள்! பெயருக்கும் வாழ்வுக்கும் எவ்வளவு முரண் என்று தோன்றுகின்றதல்லவா? ஆனால் அவர் வரலாறு அப்பெயருக்கு வேறொரு பொருளைத் தந்தது. பிறர் இட்டுப் பிறர் அழிக்கக்கூடிய திலகம் ஒன்று. தன் செயலால் தானே ஒரு குலத்துக்குத் திலகம் ஆவது மற்றொன்று. முதலாவதை இழந்தவர் இரண்டாவதாகவே விளங்கினார்.

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஒரு ஜூன் மாதத்தில், முதிய அம்மையார் ஒருவர் தம் பெயர்த்தியைப் பள்ளியில் சேர்க்க அழைத்து வந்தார். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவதற்குக் குழந்தையின் பெயரைக் கேட்டேன். "திலகவதி, ஐயா, என் பெயர்தான்" என்றார். இளமையிலேயே கணவரை இழந்தவர் என்பது அவர் வெற்று நெற்றியால் தெரிந்தது. இந்நாளில் சுருக்கமாகத் திலகா என்று வைக்கின்றார்களே என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "என் நெற்றியில் இருந்ததை ஊரார் எடுத்துக்கொண்டார்கள். பெயரில் இருந்ததை எடுக்க முடியவில்லையே, ஐயா. அதை முழுசாக இவளுக்குக் கொடுக்கிறேன்" என்றார். எழுத்தறியாத அவர் சொன்ன அந்தப் பொருளை நான் எந்த அகராதியிலும் படித்ததில்லை. குழந்தையின் பெயரை ஓர் எழுத்தும் குறையாமல் எழுதினேன்.

இனி, இப்பெயர் நம்மை வந்தடைந்த வழியைப் பார்ப்போம். சைவ அடியார்களின் வரிசையில் நாயன்மார்கள் 63 பேர். அவருள் பெண்கள் மூவர்: காரைக்கால் அம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார். திலகவதியார் அவ்வெண்ணிக்கையில் இல்லை. சுந்தரர் பாடிய தொகையில் இடம்பெற்றோரே நாயன்மாராக எண்ணப்பட்டனர். அவ்வாறாயின் திலகவதியாரின் வரலாறு எவ்வாறு தப்பிப் பிழைத்தது?

அதற்கு நாம் சிதம்பரத்துக்குச் செல்ல வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில், அநபாயன் என்று புகழ்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழன் காலத்தில், குன்றத்தூர்ச் சேக்கிழார் தில்லைக்கு வந்து பெரியபுராணத்தைப் பாடி, அங்குள்ள ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. தம்பியின் வரலாற்றைப் பாட வந்த சேக்கிழார், தமக்கையை விட்டுத் தம்பியைப் பாட முடியாது என்பதை உணர்ந்தார். மணப்பேச்சு முதல் திருநீறு அளித்தது வரை அம்மையாரின் கதையை அவர் விரிவாகப் பாடினார். பட்டியலில் இடம் பெறாதவர் காவியத்தில் இடம் பெற்றார்.

ஒன்றை நீங்கள் கவனிக்க வேண்டும். அப்பர் வாழ்ந்தது ஏழாம் நூற்றாண்டு. சேக்கிழார் பாடியது பன்னிரண்டாம் நூற்றாண்டு. இடையில் ஐந்நூறு ஆண்டுகள். எனவே காவியச் செய்திகள் அனைத்தையும் கல்வெட்டுச் செய்திகளைப் போல எடுத்துக்கொள்ளலாகாது. எனினும் ஐந்நூறு ஆண்டுகளாக ஒரு பெண்ணின் கதையை இந்நாட்டு மக்கள் வாய்வழியாகப் போற்றிக் காத்தனர் என்றால், அதுவும் ஒரு வரலாற்றுச் செய்தியே. திருவதிகைக் கோயிலில் திலகவதியார்க்குத் தனிச் சந்நிதி இருப்பதை இன்றும் காணலாம்.

காவியத்தில் ஏறிய பெயர், உரைநடையின் வழியே மேலும் பரவியது. யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1852-இல் பெரியபுராணத்தை எளிய வசனமாக்கி வெளியிட்டார். 1864-இல் சிதம்பரத்திலேயே சைவப்பிரகாச வித்தியாசாலை என்னும் பள்ளியையும் நிறுவினார். பாட்டைப் படித்துணர இயலாத எளிய மக்களும் கதையைப் படிக்கவும் படிக்கக் கேட்கவும் வாய்ப்பு உண்டாயிற்று. கதை பரவப் பரவப் பெயரும் பரவியது.

காவியத்திலிருந்து பெயர் வீட்டுக்கு வருவது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கம் அன்று. ஐரோப்பாவின் வடகோடியில் பின்லாந்து என்றொரு நாடு உண்டு. எலியாஸ் லோன்ராட் என்னும் அறிஞர் அந்நாட்டு நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்துக் 'கலேவலா' என்னும் காவியமாக 1835-இல் வெளியிட்டார்; 1849-இல் அதனை விரிவாக்கினார். ஈழத்துத் தமிழரான இரா. சிவலிங்கம் அதனைத் தமிழ்ச் செய்யுளாக மொழிபெயர்க்க, அது 1994-இல் வெளிவந்தது. அக்காவியத்தில் ஐனோ என்றொரு பெண் வருகின்றாள். பின்னிய மொழியில் அச்சொல்லுக்கு 'ஒருத்தியே', 'ஒரே ஒருத்தி' என்பது பொருள். நாட்டுப்பாடல்களில் 'ஒரே மகள்' என்று அடைமொழியாக வந்த சொல்லை லோன்ராட் ஒரு பெண்ணின் இயற்பெயராகவே ஆக்கிவிட்டார். அதன் பின்னர் அந்நாட்டுப் பெற்றோர் தம் பெண்மக்களுக்கு ஐனோ என்று பெயரிடலாயினர். சிபேலியஸ் என்னும் புகழ்பெற்ற இசைமேதையின் மனைவியார்க்கும் அப்பெயரே.

ஐனோவும் ஒரு தமக்கை தம்பி கதையைப் போன்ற உடன்பிறப்புக் கதையில் வருபவளே. அவள் உடன்பிறந்தான் யௌகஹைனன், வைனமோயினன் என்னும் முதிய பாடகனோடு பாட்டுப் போட்டியிட்டுத் தோற்றான், சேற்றில் அமிழ்ந்தான். தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தங்கையை அம்முதியவனுக்கு மணமுடித்துத் தருவதாக வாக்களித்தான். அம்மணத்துக்கு இசையாத ஐனோ நீரில் மூழ்கி மறைந்தாள். அங்கே உடன்பிறந்தான் தன் உயிருக்கு ஈடாக அவளைக் கொடுத்தான். இங்கே உடன்பிறந்தானின் உயிருக்காக ஒருத்தி தன் சாவையே விட்டுக்கொடுத்தாள். இரண்டு நாடுகளிலும் மக்கள் அப்பெண்களை மறக்கவில்லை. தங்கள் குழந்தைகளின் வடிவில் அவர்களை மீண்டும் வீட்டுக்கு அழைத்துக்கொண்டனர்.

திலகவதி என்னும் பெயர் நம் காலத்திலும் பெருமை பெற்றே விளங்குகின்றது. தமிழகத்திலிருந்து இந்தியக் காவல் பணியில் உயர்பதவி வகித்த பெண்மணியும், 'கல்மரம்' என்னும் புதினத்துக்காக 2005-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது பெற்றவருமான எழுத்தாளர் இப்பெயருடையவரே. அன்றைய திலகவதியார் படைத்தலைவர் ஒருவரின் வரவை எதிர்நோக்கி வீட்டில் இருந்தார். இன்று அப்பெயர் பூண்டவர் தாமே காவற்படையை நடத்தியிருக்கின்றார். பெயர் பழையது, அதன் பொருள் காலந்தோறும் வளர்கின்றது.

மாணவ மாணவியரே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் சொல்லி என் பேச்சை முடிக்கின்றேன். இன்று மாலை உங்கள் பாட்டியிடம் சென்று, அவருடைய பாட்டியின் பெயர் என்ன என்று கேளுங்கள். அப்பெயர் எம்மொழிச் சொல், அதன் பொருள் என்ன, எந்த ஊரிலிருந்து அவர் வந்தார், யார் அப்பெயரை இட்டார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஓர் ஏட்டில் எழுதிவையுங்கள். ஆண்களின் பெயர்கள் நிலப் பத்திரத்திலும் கல்வெட்டிலும் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். பெண்களின் பெயர்களோ பலவும் சொல்லளவில் நின்றுவிட்டன; சொல்பவர் மறைந்தால் அவையும் மறையும். திலகவதியார்க்கு ஒரு சேக்கிழார் கிடைத்தார். உங்கள் பாட்டிக்கு நீங்கள்தாம் இருக்கின்றீர்கள்.